அத்தியாயம் 6: வறண்ட மாதங்களில் வீட்டுக் கொல்லை

தைப்பூசக் காவடி இறக்கிய கையோடு போர்ட்டிக்சனை அடுத்த சி ரூசா பக்கம் வானம் வெளுத்துவிடும். டிசம்பர் வரை சேறாகக் கிடந்த கொல்லை, பிப்ரவரி நடுவில் காலால் தட்டினால் ஓசை எழுப்பும். முதலில் காங்கோங் கீரை சுருளும். பிறகு மிளகாய்ச் செடி பூவை உதிர்க்கும். கடைசியில், போன வருடம் வைத்த எலுமிச்சைக் கன்று நுனியிலிருந்து காயத் தொடங்கும். அப்போதுதான் பலர் ஓஸ் பைப்பைத் தேடுவார்கள். அதற்குள் பாதி வேலை கைமீறிப் போயிருக்கும்.

வறட்சியில் கொல்லையைக் காப்பாற்ற மூன்று வேலைகளை இந்த வரிசையில் செய்ய வேண்டும்: எதைக் காப்பது என்று முடிவெடுப்பது, மண்ணை மூடுவது (மூடாக்கு), இருக்கும் தண்ணீரை வேரில் இறக்குவது. கூடுதல் தண்ணீர் தேடுவது நான்காவது வேலை. முதல் மூன்றையும் ஒழுங்காகச் செய்தவர்களுக்கு நான்காவதின் சுமை பாதியாகிவிடும்.

## எப்போது வறளும்?

போர்ட்டிக்சன் முதல் மூவார் வரையுள்ள கடலோரத்துக்கென்று தனி மழைக் கணக்கு உண்டு. அக்டோபர், நவம்பரில் மழை அதிகம். பிப்ரவரியில் மிகக் குறைவு. மேற்குக் கரையின் மற்ற பல இடங்களில் ஜூன், ஜூலையிலும் ஒரு வறட்சி தெளிவாகத் தெரியும். இங்கே அது அவ்வளவு தெரியாது. மே முதல் ஆகஸ்டு வரை சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வந்து அடிக்கும் காற்றுமழைதான் காரணம்.

எல்நினோ வரும் வருடங்களில் இந்தக் கணக்கு தப்பும். எல்நினோ இல்லாத வருடத்திலும் தப்பலாம். 2014 பிப்ரவரியில் நெகிரி செம்பிலான் மாநிலம் தண்ணீர் நெருக்கடியை அறிவித்தது. அப்படிப்பட்ட நேரத்தில் குழாயில் வரும் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான். கொல்லைக்கு அதை நம்பக் கூடாது.

மாத வாரியாக வேலை:

- நவம்பர், டிசம்பர்: கூரைத் தகர வாய்க்காலைச் சரிபார்த்தல், டிரம் வாங்குதல், மூடாக்குப் பொருள் சேர்த்தல்.
- ஜனவரி முதல் வாரம்: பட்டியல் எழுதுதல், மண் ஈரமாக இருக்கும்போதே மூடாக்கு போடுதல்.
- ஜனவரி கடைசி: கீரைப் பாத்திகளைக் குறைத்தல், நிழல் வலை கட்டுதல்.
- பிப்ரவரி, மார்ச்: அளந்து ஊற்றுதல், பூச்சி பார்த்தல். புதிதாக எதையும் நடக் கூடாது.
- மார்ச் கடைசி, ஏப்ரல்: மழை திரும்பியதும் வெட்டிவிடுதல், உரமிடுதல், மறு விதைப்பு.

## முதல் வேலை: பட்டியல் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு கொல்லையை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஒவ்வொரு செடியையும் கீழே உள்ள நான்கில் ஒன்றில் எழுதுங்கள்.

1. இழக்கக் கூடாதவை. கறிவேப்பிலை, எலுமிச்சை, வெற்றிலைக் கொடி, நட்டு இரண்டு வருடம் ஆகாத மா, ரம்புத்தான் கன்றுகள். இவை போனால் மறுபடி வளர்க்க வருடங்கள் ஆகும். தண்ணீர் முதலில் இவற்றுக்கு.
2. காய்த்துக்கொண்டிருப்பவை. மிளகாய், கத்தரி, வெண்டை. மிஞ்சும் தண்ணீர் இவற்றுக்கு. இதிலும் நோயாளிச் செடிகளைப் பிடுங்கிவிட்டு நல்ல செடிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.
3. விட்டுவிட வேண்டியவை. காங்கோங், சாவி, தண்டுக்கீரை. இலைக்காக வளர்க்கும் செடிகள் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். முற்றும் முன் அறுத்துச் சமைத்துவிட்டுப் பாத்தியை மூடி வையுங்கள். ஆசை விடவில்லையென்றால் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு முழ அகலத்தில் மட்டும் கீரை வைத்துக்கொள்ளலாம்.
4. தாமே பிழைப்பவை. வேரூன்றிய முருங்கை, மரவள்ளி, செராய், அன்னாசி, கற்றாழை, வளர்ந்த தென்னை. இவற்றுக்கு ஒரு சொட்டும் வேண்டாம்.

வாழையைத் தனியாக யோசிக்க வேண்டும். அது நிறையக் குடிக்கும். ஒரு குத்தில் ஒரு தாய் மரம், ஒரு கன்று மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கில்லாத கழுவு தண்ணீர் போகும் பக்கம் வாழை இருந்தால் அதற்கு வேறு தண்ணீர் வேண்டாம்.

குறிப்பு: பிப்ரவரியில் கீரைக்கு முருங்கை இலையை நம்புங்கள். மரவள்ளி இலையையும் கிழங்கையும் சமைப்பவர்கள் கவனம்: வறட்சியில் மரவள்ளியின் நச்சுத்தன்மை கூடும். கிழங்கைத் தோல் உரித்து ஊறவையுங்கள். இலையோ கிழங்கோ எதுவானாலும் மூடியில்லாத சட்டியில் நன்றாக வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

## தண்ணீர்க் கணக்கு

ஒரு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் நீளம் உள்ள பாத்தியை எடுத்துக்கொள்வோம். நல்ல வெயில் நாளில் மண்ணும் செடியும் சேர்ந்து 4 முதல் 5 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரை இழக்கின்றன. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். அப்படியானால் இந்தப் பாத்திக்கு நாளொன்றுக்கு 12 முதல் 15 லிட்டர். ஐந்து பாத்தி இருந்தால் 60 லிட்டருக்கு மேல். வாளியில் தூக்கிப் பார்த்தால்தான் இந்தக் கணக்கின் கனம் தெரியும். அதனால்தான் முதலில் பாத்தியைக் குறைக்கச் சொல்கிறோம்.

மூடாக்கும் நிழலும் உள்ள பாத்திக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை 20 லிட்டர் ஊற்றித் தொடங்குங்கள். பிறகு விரலைப் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். ஆள்காட்டி விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விடுங்கள். நுனியில் ஈரம் பட்டால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

மண்ணுக்கு ஏற்பவும் மாற்றிக்கொள்ள வேண்டும்:

- கடலோர மணல் மண்: ஊற்றியது உடனே கீழே இறங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி ஊற்றுங்கள். மழைக்காலத்திலேயே சதுர மீட்டருக்கு ஒரு வாளி மக்கு உரம் கலந்து வைத்தால் பிடிமானம் கூடும்.
- உள்பக்கத்துச் சரளைச் செம்மண்: சுவா பெத்தோங், சுங்காலா போன்ற தோட்டப்புறங்களின் மேட்டு நிலங்களில் இந்த மண்ணைப் பார்க்கலாம். மேல்பரப்பு இறுகி, ஊற்றிய தண்ணீர் ஓடிவிடும். மேல் மண்ணை இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் கிளறி, செடியைச் சுற்றித் தட்டுப் போலக் குழித்து, இரண்டு தவணையாக ஊற்றுங்கள்.

## மண்ணை மூடும் முறை

திறந்து கிடக்கும் மண் வெயிலில் வெந்து ஈரத்தை விட்டுவிடும். அதை மூடுவதுதான் மூடாக்கு. செலவில்லாத பொருள்கள் நம்மைச் சுற்றியே இருக்கின்றன.

- பால்மர இலை: பால்மரம் இலை உதிர்க்கும் காலமும் நம் வறட்சியும் ஒன்றாகவே வருகின்றன. பக்கத்தில் பால்மரக் காடு மிச்சமிருந்தால், தோட்ட அலுவலகத்தில் சொல்லிவிட்டுக் கோணிப்பையில் வாரி வாருங்கள்.
- தேங்காய் மட்டை: சிறு துண்டுகளாக வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து அலசிய பிறகு போடுங்கள். அலசாத மட்டையில் உப்பும் சாயமும் இருக்கும்.
- செம்பனை ஓலை: ஈர்க்கை நீக்கி இலையை மட்டும் நறுக்கிப் போடுங்கள்.
- செம்பனை ஆலையின் வெற்றுக் குலை: ஈரம் பிடிப்பதில் இதற்கு நிகர் குறைவு. ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். குவித்து வைத்தால் அது மக்கும்போது காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, பக்கத்துத் தென்னையின் குருத்தைத் துளைக்கும்.

படிகள்:

1. களையைப் பிடுங்குங்கள். ஆழமாகக் கொத்த வேண்டாம், வேர் அறும்.
2. மண்ணை நன்றாக நனையுங்கள். மழை பெய்த மறுநாள் என்றால் இன்னும் நல்லது.
3. அட்டைப்பெட்டி இருந்தால் ஒட்டு நாடாவை உரித்துவிட்டு ஒரு அடுக்கு விரித்து நனையுங்கள். லாலாங் புல்லை இது அடக்கும்.
4. அதன் மேல் நாலு விரல் உயரத்துக்கு மூடாக்கைப் பரப்புங்கள்.
5. தண்டைச் சுற்றி நாலு விரல் இடைவெளி விடுங்கள். தண்டோடு ஒட்டினால் பட்டை அழுகும்.
6. வாரம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். மெலிந்த இடத்தில் சேருங்கள்.

எச்சரிக்கை: தோட்டச் சாலையோரத்தில் களைக்கொல்லி அடித்துக் காய்ந்த புல்லை மூடாக்காகப் போடாதீர்கள்.

## வேரில் இறக்கும் முறை

மேலே தூவுகிற தண்ணீரில் ஒரு பகுதி காற்றோடு போகும். கீழ்க்கண்ட இரண்டு வழிகளும் தண்ணீரை நேராக வேருக்குக் கொண்டுபோகும்.

மண்பானை முறை. பொங்கலுக்காகக் கடைகளுக்கு வரும் மண்பானைகள் தை பிறந்ததும் மலிந்துவிடும். மெருகு பூசாத, சாயம் அடிக்காத பானை வேண்டும்.

1. பானையில் தண்ணீர் நிரப்பி ஒரு மணி நேரம் கழித்துத் தொடுங்கள். வெளிப்புறம் ஈரம் கசிந்தால் அந்தப் பானை உதவும்.
2. பாத்தி நடுவில் குழி வெட்டி, வாய் மட்டும் மேலே தெரியும்படி புதையுங்கள்.
3. சுற்றிலும் மண்ணை அழுத்துங்கள். இடைவெளி இருந்தால் ஈரம் பரவாது.
4. பானையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மிளகாய், கத்தரி இருக்கட்டும். ஒரு பானையைச் சுற்றி நாலு செடி போதும்.
5. நிரப்பி, இடுக்கில்லாமல் தட்டால் மூடி, மேலே கல் வையுங்கள். மூடாத பானை கொசுத் தொட்டியாகிவிடும்.
6. பாதி குறைந்ததும் நிரப்புங்கள். முழுக்கக் காயவிட்டால் வேர் வறண்டுவிடும்.

பாட்டில் முறை. ஒன்றரை லிட்டர் பாட்டிலின் மூடியில் சூடான ஊசியால் இரண்டு துளை போட்டு, தலைகீழாக மண்ணில் செருகுங்கள். அடிப்பாகத்தில் காற்றுக்கு ஒரு ஊசித்துளை போதும். அடியை வெட்டித் திறந்து வைத்தால் அங்கேயும் கொசு முட்டையிடும். எலுமிச்சைக் கன்றைச் சுற்றி இப்படி மூன்று பாட்டில் வைக்கலாம்.

நேரம்: காலை ஏழு மணிக்குள் ஊற்றுவது நல்லது. முடியாதவர்கள் மாலை வெயில் தாழ்ந்ததும் இலையில் படாமல் வேரில் ஊற்றுங்கள்.

## கூரைத் தண்ணீர்

ஐந்து மீட்டருக்கு எட்டு மீட்டர் கூரையில் பத்து மில்லிமீட்டர் மழை விழுந்தால் 400 லிட்டர். சிதறல் போக 320 லிட்டராவது கிடைக்கும். வறண்ட மாதத்திலும் எப்போதாவது ஒரு மழை கொட்டிவிட்டுப் போகும். அந்த ஒரு மழைக்குத் தயாராக இருந்தால் பல நாளுக்குத் தண்ணீர் ஆகும்.

1. உணவுப் பொருள் வந்த 200 லிட்டர் டிரம் மட்டும் வாங்குங்கள்.
2. செங்கல்லை அகலமாக அடுக்கி, அதன் மேல் டிரம்மை ஆடாமல் நிறுத்துங்கள். நிரம்பினால் 200 கிலோவுக்கு மேல் கனக்கும்.
3. வாயில் நுண்ணிய கொசுவலையை இறுக்கிக் கட்டி, மேலே மூடி போடுங்கள்.
4. முதல் பத்து நிமிட மழையை வெளியே விடுங்கள். தூசி, பறவை எச்சம், புகைமூட்டக் காலத்துச் சாம்பல் எல்லாம் அதில்தான் வரும்.
5. அடியில் குழாய் பொருத்துங்கள். மூடியைத் திறந்து மொள்ளும் பழக்கம் வேண்டாம்.

பழைய லயத்து வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கலாம். அதைச் சுரண்டவோ, உலர்ந்த துடைப்பத்தால் தேய்க்கவோ, அறுக்கவோ கூடாது. அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ கீரைக்கு ஊற்றவோ வேண்டாம். மரங்களின் வேருக்கு மட்டும் விடுங்கள்.

## வீட்டில் ஒருமுறை புழங்கிய தண்ணீர்

- அரிசி, காய்கறி கழுவியது: பச்சையாகச் சாப்பிடுபவை தவிர எல்லாச் செடிக்கும் ஊற்றலாம். அன்றன்றே ஊற்றிவிடுங்கள். மறுநாள் நாறும்.
- துணி அலசிய கடைசித் தண்ணீர்: மரங்களுக்கும் வாழைக்கும். குளோராக்ஸ் கலந்திருந்தால் வேண்டாம். ஒரே இடத்தில் தொடர்ந்து ஊற்றாமல் இடம் மாற்றுங்கள்.
- மீன், இறைச்சி கழுவியது: மண்ணைத் தோண்டி ஊற்றி மூடுங்கள். மேலே விட்டால் ஈயும் எலியும் வரும்.
- கழிவறைத் தண்ணீர், எண்ணெய்ப் பிசுக்குள்ள தண்ணீர்: எதற்கும் வேண்டாம்.

பச்சையாகச் சாப்பிடும் வல்லாரை, புதினா போன்றவற்றுக்குப் புழங்கிய தண்ணீர் கூடவே கூடாது.

கிணறு உள்ளவர்களுக்கு: கடலுக்குப் பக்கத்தில் வறட்சி நேரம் அதிகமாக இறைத்தால் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும். வாளி ஓரத்தில் வெள்ளைப் படிவு, இலை விளிம்பில் பழுப்புக் கருகல் தெரிந்தால் மிளகாய்க்கும் அவரைக்கும் அந்தத் தண்ணீரை நிறுத்துங்கள். தென்னை ஓரளவு தாங்கும்.

## நிழலும் பூச்சியும்

கருப்பு நிழல் வலையில் பாதி வெயிலை விடும் ரகம் போதும். மதியத்துக்கு மேல் வெயில் விழும் மேற்குப் பக்கம் முதலில் கட்டுங்கள். செடிக்கு மேல் ஒரு முழம் இடைவெளி இருக்கட்டும். வலை வாங்க முடியாவிட்டால் தென்னங்கீற்று போதும்.

காய்ந்த வெயிலில் செம்பேன், வெள்ளை ஈ, மாவுப்பூச்சி பெருகும். மிளகாயின் நுனி இலை சுருண்டால் இலையின் அடிப்பக்கம் பாருங்கள். மோசமான கொப்பை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி பாத்திர சோப்பும் கலந்து மாலையில் அடியிலிருந்து தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை வெந்துபோகும்.

## பலரும் செய்யும் தவறுகள்

1. தினமும் கொஞ்சம் தெளிப்பது. மேல்மண் மட்டும் நனையும். வேர் மேலேயே சுற்றி, ஒரு நாள் தவறினாலும் வாடும்.
2. மதியம் வாடியதைப் பார்த்து ஊற்றுவது. கத்தரியும் பூசணியும் உச்சி வெயிலில் இலையைத் தொங்கவிடும். மாலையில் நிமிர்ந்துவிட்டால் குறையில்லை. காலையிலும் வாடியிருந்தால்தான் தண்ணீர்.
3. தேறட்டும் என்று யூரியா போடுவது. ஈரமில்லாத மண்ணில் உரம் வேரை எரிக்கும்.
4. வறட்சி நடுவில் கவாத்து. வெட்டினால் தளிர் விடும். தளிர் தண்ணீர் கேட்கும்.
5. காய்ந்த மண்ணில் மூடாக்கு போடுவது. சிறு தூறலும் மேலேயே நின்றுவிடும்.
6. இளம் மரத்தில் பிஞ்சை விட்டுவைப்பது. எலுமிச்சை, மாங்கன்றில் பூவையும் பிஞ்சையும் கிள்ளிவிடுங்கள். இந்த வருடம் மரம் பிழைத்தால் போதும்.

## பாதுகாப்பு

- விஷ டிரம்: தோட்டத்தில் களைக்கொல்லி வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் தண்ணீருக்கு எடுக்காதீர்கள். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டது. அதன் பழைய கலன்கள் எங்காவது கிடக்கலாம்.
- ஏடிஸ் கொசு: அதன் முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒருமுறை டிரம், வாளி, செடித் தட்டுகளின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். வீட்டில் கொசுப்புழு கண்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு.
- தீ: காய்ந்த சருகைக் கொளுத்தாதீர்கள். திறந்தவெளி எரிப்பு 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். லாலாங் பற்றினால் ஒரு வாளித் தண்ணீரால் நிற்காது. சருகு முழுவதும் மூடாக்குக்குத்தான்.
- பாம்பு, தேள்: குளிர்ச்சி தேடி மூடாக்குக் குவியலிலும் பானை ஓரத்திலும் ஒதுங்கும். குவியலை வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். கையை விடும் முன் குச்சியால் கிளறுங்கள். காலில் பூட்ஸ் இருக்கட்டும்.
- செம்பனை முள்: ஓலையின் அடிக்காம்பு முள் ஆழமாக இறங்கும். தடித்த கையுறை போடுங்கள். குத்தி வீங்கினால் கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.
- குழந்தைகள்: டிரம் மூடிக்குப் பூட்டு, கிணற்றுக்குக் கம்பி மூடி. வற்றிய கிணற்றில் தூர்வார யாரும் தனியே இறங்கக் கூடாது. அடியில் காற்று கெட்டிருக்கும்.
- உங்கள் உடம்பு: காலை பத்து மணி முதல் மாலை வெயில் தாழும் வரை கொல்லை வேலை வேண்டாம். தண்ணீர்ப் பங்கீடு அறிவித்திருந்தால் குடிக்கும் தண்ணீரைத் தனிப் பாத்திரத்தில் ஒதுக்கிவிட்ட பிறகே செடியைப் பாருங்கள்.

## மழை திரும்பியதும்

முதல் மழையோடு வறட்சி முடிந்ததென்று நினைத்து எல்லாவற்றையும் நட்டுவிடாதீர்கள். மேலே நனைந்த மண்ணின் அடி இன்னும் காய்ந்தே இருக்கும்.

1. மழைக்கு மறுநாள் ஒரு சாண் ஆழம் தோண்டிப் பாருங்கள். அடிவரை ஈரம் இருந்தால் மேலே போகலாம்.
2. நிழல் வலையை ஒரே நாளில் எடுக்காமல், ஒரு வாரத்தில் படிப்படியாக விலக்குங்கள்.
3. தாக்குப்பிடித்த கத்தரியைத் தரையிலிருந்து ஒரு முழத்தில் வெட்டிவிடுங்கள். புதுக் கிளை விட்டு மறுபடி காய்க்கும்.
4. தளிர் தெரிந்த பிறகு மக்கு உரமோ பழைய சாணமோ போடுங்கள். புதுச் சாணம் வேண்டாம்.
5. காய்ந்த கறிவேப்பிலை, எலுமிச்சைக் கிளையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் விட்டுவையுங்கள். பழுப்பாக இருந்தால் பச்சை தெரியும் இடம் வரை வெட்டுங்கள்.
6. மூடாக்கை அப்படியே விட்டு, விலக்கிய இடத்தில் மட்டும் கீரை விதையுங்கள்.
7. ஜனவரியில் எழுதிய பட்டியலை எடுத்து, எந்தச் செடி பிழைத்தது, எது போனது என்று பக்கத்திலேயே குறித்து வையுங்கள். அடுத்த நவம்பரில் எதை நடுவது, எதை நடாமல் விடுவது என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.